குடலிறக்க அறுவைக்குப் பின் வண்டி ஓட்டலாமா?

குடலிறக்கத்திற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட குடும்பத் தலைவர் வீடு திரும்பியதும் கேட்கும் முதற்கேள்வி, "மறுபடியும் எப்பொழுது வண்டியைத் தொடலாம்?" என்பதே. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு இது வீட்டில் அடுப்பெரிவதைப் பற்றிய கேள்வியாகும்.

தையல் பிரிந்துவிடுமோ என்பதே பலருடைய அச்சம். 1880-களில் இத்தாலிய மருத்துவர் பாசினி, தசைகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கும் முறையை வகுத்தார். 1989-இல் அமெரிக்க மருத்துவர் லிக்டன்ஸ்டைன், தசையை இழுக்காமல் செயற்கை வலையைப் பொருத்தும் முறையை விளக்கி எழுதினார். இன்று வலை வைப்பதே பெருவழக்கு. ஆகவே, வண்டி ஓட்டுவதில் தையலைவிட அதிகமாய்க் கவனிக்க வேண்டியது பிரேக்கை மிதிக்கும் காலையே.

குறுக்கே ஒரு சிறுவன் ஓடி வருகிறான். பிரேக்கை ஓங்கி மிதிக்கும் கணத்தில் தொடையிடுக்கில் சுரீரென வலி எழுந்தால், கால் தானாகவே தயங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, அரை வினாடித் தயக்கத்தில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும்.

எனவே, நிறுத்திய வண்டியில் இன்ஜினை இயக்காமல் அமர்ந்து, பிரேக்கைத் திடீரென அழுத்திப் பாருங்கள். கிளட்சையும் மிதியுங்கள். உடலைத் திருப்பிப் பின்னால் நோக்குங்கள். இவற்றை வலியின்றிச் செய்ய முடிகிறதா? பலருக்கு ஓரிரு வாரங்களில் இயலும். சிலருக்கு இன்னும் நாளாகும். இறுதிச் சொல் அறுவை மருத்துவருடையதே.

மயக்க மருந்து பெற்ற பின் ஒரு முழுநாள் வண்டியைத் தொடலாகாது. ட்ரமடால் போன்ற, தூக்கம் வரவழைக்கும் வலிநீக்கி மாத்திரைகளை உண்ணும் நாட்களிலும் ஓட்டுதல் தகாது. இருக்கைப் பட்டை புண்ணில் உறுத்தினால், மடித்த துண்டொன்றை இடையில் வைத்துக்கொள்ளலாம். பட்டையைக் கழற்றிவிடக் கூடாது.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் இன்னும் பொறுத்தல் நலம். நடு ஸ்டாண்டில் வண்டியைத் தூக்கி நிறுத்துவதும், கிக்கரை உதைப்பதும், சாயும் வண்டியைக் காலால் தாங்குவதும் அடிவயிற்றுக்குப் பெருஞ்சுமை.

புண் சிவந்து சீழ் வடிந்தாலும், காய்ச்சல் கண்டாலும், வீக்கம் பெருகினாலும், வாந்தி தொடர்ந்தாலும் உடனே மருத்துவரை நாடுக.

"ஒரே ஒரு சவாரிதானே!" என்று அவர் சாவியை எடுக்கும்போது, அதை அன்போடு வாங்கி வைப்பது வீட்டாரின் கடமை. சில நாள் வருமானம் குறைந்தால் பிறகு ஈட்டிக்கொள்ளலாம். சாலையில் போகும் உயிரை எவரும் மீட்டுத் தர இயலாது.