இருபது டாலர் கூலி

ஆறு வாரம் ஊரைக் காக்க வேண்டும். உயிர் போனாலும் போகலாம். கூலி, ஆளுக்கு 20 டாலர்!

1960இல் ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கத்தில் வந்த ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ படத்தில் ஏழு பேர் இதற்குச் சம்மதிக்கிறார்கள். விளைந்ததையெல்லாம் கொள்ளைக் கூட்டத்துக்குப் பறிகொடுக்கும் மெக்சிகோ குடியானவர்கள், துப்பாக்கி வாங்கத்தான் எல்லை தாண்டி வந்தார்கள். துப்பாக்கியைவிட ஆளே மலிவு என்று சொல்லி அவர்கள் எண்ணத்தை மாற்றுகிறான் கிறிஸ். அந்த வேடத்தில் கறுப்பு உடையும் மழித்த தலையுமாக யூல் பிரின்னர். அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ 1954இல் சொன்ன கதைதான். அங்கே வாள், இங்கே துப்பாக்கி.

ஆனால் என் மனதில் நிற்பது தொடக்கத்தில் வரும் ஒரு காட்சி. இறந்துபோன ஒரு செவ்விந்தியரைத் தங்கள் இடுகாட்டில் புதைக்க விடமாட்டோம் என்று ஊரில் சிலர் மறிக்கிறார்கள். வண்டிக்காரனும் நழுவிவிட்டான். பிணவண்டியின் கடிவாளத்தைக் கிறிஸ் பிடிக்க, பக்கத்தில் ஏறி உட்காருகிறார் ஸ்டீவ் மெக்வீன். தோட்டாக்களைக் காதருகே வைத்து ஒருமுறை குலுக்கிப் பார்க்கிறார், பிறகே துப்பாக்கியில் போடுகிறார். வசனமே இல்லை, கண்ணோ அவரைவிட்டு நகராது. கூலி பேசாமல், முன்பின் தெரியாத ஒருவருக்காக இருவரும் செய்த வேலை அது. அதைப் பார்த்துத்தான் குடியானவர்கள் கிறிஸைத் தேடி வருகிறார்கள்.

குதிரைக் குளம்படி போலத் துள்ளும் இசை எல்மர் பெர்ன்ஸ்டைனுடையது. அது அந்த ஆண்டு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தது.