சூப்ரண்டம்மா

நான் படிச்ச ஸ்கூல்ல ஒண்ணாவதுலேர்ந்து எல்லாருமே மிஸ்தான். ஹெச்.எம். ரூம்ல மட்டும் ஒரு சார் உட்கார்ந்திருப்பார். இது நம்ம ஊர் வியாதின்னு நெனச்சிட்டிருந்தேன். அமெரிக்கா வந்து பார்த்தா இங்கயும் அதே கதை!

இங்கே அரசுப் பள்ளி ஆசிரியர்களில் நாலில் மூணு பேர் பெண்கள். ஆனா ஒரு ஊர்ப் பள்ளிகள் எல்லாத்துக்கும் தலைமையான சூப்பரின்டெண்டெண்ட் பதவியில், 2020 கணக்குப்படி, நாலில் ஒருத்தர்தான் பெண். (நம்ம ஆபீஸ் சூப்ரண்டுன்னு நெனச்சுடாதீங்க. கிட்டத்தட்ட நம்ம மாவட்ட சி.இ.ஓ. மாதிரி.) இத்தனைக்கும் சிகாகோ பள்ளிகளுக்கு எல்லா ஃபிளாக் யங் என்ற அம்மையார் 1909-லேயே தலைவராகிட்டாங்க.

அப்புறம் நடுவுல எங்கே காணாமப் போறாங்க?

நம்ம ஊர்ல சீனியாரிட்டி லிஸ்ட், டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைன்னு ஏதோ ஒரு ஏணி இருக்கு. இங்கே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த போர்டுதான் ஆளை எடுக்கும். ஹைஸ்கூல் பிரின்சிபாலா இருந்து பட்ஜெட், ஃபுட்பால்னு பெரிய நிர்வாகம் பார்த்தவங்களுக்கு மவுசு ஜாஸ்தி. பெண்கள் அதிகம் இருப்பதோ ஆரம்பப் பள்ளியில். அங்கேர்ந்து மேலே ஏற படி கம்மி. போதாததுக்கு, இந்த வேலைக்காக அடிக்கடி ஊர் மாறணும். குடும்பத்தோட அது லேசா?

இந்த விஷயத்துல எங்க ரிச்சர்ட்சன் கொஞ்சம் வித்தியாசம். கே வாகனர் 2016 கடைசியில் ஓய்வு பெற, 2017 ஜனவரியில் ஜீனி ஸ்டோன் வந்தார். முகக்கவசம், இனச் சமத்துவம்னு போர்டு கூட்டங்கள் சூடா இருந்த 2021 டிசம்பரில் ஸ்டோன் விலகினார். இந்த மாதிரி நேரத்துல "பொம்பளைங்களுக்கு இது சரிப்படாது"ன்னு சொல்ல நாலு பேர் எங்கயும் கிடைப்பாங்க. ஆனா அடுத்து வந்ததும் பெண்தான், டபிதா பிரேனம். முதல்ல தற்காலிகமா, 2022-இல் நிரந்தரமா.

ஸ்டோனும் சரி, பிரேனமும் சரி, இதே மாவட்டத்துல துணை சூப்பரின்டெண்டெண்டா இருந்தவங்க. எனக்கு விஷயமே இதுதான்னு தோணுது. மேல் நாற்காலி காலியாகும்போது பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் ஏற்கனவே உட்கார்ந்திருக்கணும். அந்த ரெண்டாவது நாற்காலியை யாருக்குக் கொடுக்கறோம்னு பார்த்தாலே மீதிக் கதை தெரிஞ்சுடும்.

உங்க ஸ்கூல்ல ஹெச்.எம். சாரா, மிஸ்ஸா? சொல்லுங்க மக்களே.