வைஸ்ராய்க்கு வந்த கடிதம்

அதிகாலை வகுப்பு – 7

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் ‘ஏ.பி. லாங்’ என்ற ஆங்கிலத் தேர்வில், ஒரு மணி நேரத்தில் 45 கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுக்கும் முதல் பகுதியைச் சென்ற வாரம் பார்த்தோம். அதில் கை வேகம்தான் முக்கியம். நாலு மாதம் விடாமல் பழகினால் வந்துவிடும். என்னிடம் வரும் அமெரிக்கத் தமிழ்ப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு முழிப்பது இரண்டாம் பகுதியில். இரண்டேகால் மணி நேரத்தில் மூன்று கட்டுரைகள், மொத்த மதிப்பெண்ணில் 55 விழுக்காடு. ஒன்று, கொடுத்த ஆவணங்களை வைத்து எழுதுவது. இன்னொன்று, ஒருவரின் பேச்சையோ கடிதத்தையோ கொடுத்து, இவர் எப்படித் தன் பக்கம் இழுக்கிறார் என்று ஆராய்ந்து எழுதச் சொல்வது. மூன்றாவது, சொந்தக் கட்சியை எடுத்து வாதாடுவது. இந்த வாரம் கடைசி இரண்டும்.

புதிதாகச் சேருகிற பிள்ளையின் முதல் கட்டுரையை வாங்கிப் பார்த்தால் பத்துக்கு எட்டில் இந்த வாக்கியம் இருக்கும்: “ஆசிரியர் ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் ஆகியவற்றைப் பயன்படுத்தித் தன் கருத்தை வலியுறுத்துகிறார்.” லிங்கன் பேச்சுக்குக் கீழேயும் இதை ஒட்டலாம், எங்கள் வார்டு கவுன்சிலர் பேச்சுக்குக் கீழேயும் ஒட்டலாம். எங்கே ஒட்டினாலும் பொருந்துகிற வாக்கியத்துக்கு யார் மதிப்பெண் போடுவார்?

பாவம், அரிஸ்டாட்டில் பெயரைச் சொல்லித்தான் இதெல்லாம் நடக்கிறது. பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, கேட்பவர் மனநிலை, வாதத்தின் வலு என்று மூன்றாகப் பிரித்தவர் அவர்தான். ஆனால் உணர்ச்சியைப் பற்றி எழுதும்போது, கோபம் என்றால் எந்த மனநிலையில் இருப்பவனுக்கு, யார் மேல், எதற்காக வரும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகிறார். அந்த ‘யார் மேல், எதற்காக’வை உதறிவிட்டுப் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டன பயிற்சித் தாள்கள். கூடவே நாற்பது, ஐம்பது உத்திகளின் பட்டியல். பிள்ளைகள் அதை உருப்போடுகிறார்கள்.

நாம் சிரிக்க வேண்டாம். ‘இப்பாடலில் உவமை அணி பயின்று வந்துள்ளது’ என்று எழுதி வளர்ந்தவர்கள்தானே நாமும். ஆனால் நம் தமிழ்ப் பரீட்சையில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: அணியின் பெயர், விளக்கம், அதன் பிறகு அணிப்பொருத்தம். மூன்றாவதைத்தான் எல்லோரும் நோட்ஸ் பார்த்து ஒப்பித்தோம். ஏ.பி. லாங்கில் மதிப்பெண் கிடைப்பது கிட்டத்தட்ட முழுக்க அந்த மூன்றாவதற்குத்தான். ஒரு கட்டுரைக்கு ஆறு மதிப்பெண். தெளிவான நிலைப்பாட்டுக்கு ஒன்று. சான்றுக்கும், அந்தச் சான்று என்ன வேலை செய்கிறது என்று சொல்வதற்கும் சேர்த்து நான்கு. மிச்சம் ஒன்று, சிக்கலைச் சிக்கலாகவே பார்க்கும் முதிர்ச்சிக்கு. இந்தக் கடைசி ஒற்றை மதிப்பெண்ணை எப்படி வாங்குவது என்றுதான் அப்பாக்கள் என்னைத் துளைக்கிறார்கள். நடுவில் கிடக்கும் நாலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

பழைய வினாத்தாள்களைத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டே தன் தளத்தில் போட்டுவைத்திருக்கிறது. அவற்றில் நான் விரும்பி எடுப்பது 2019 தேர்வில் வந்தது: உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன், 1930 மார்ச் 2ஆம் தேதி காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தின் கடைசிப் பகுதி. இந்தியப் பெயர் என்பதால் நம் பிள்ளைகள் பாதி தெரிந்த மாதிரி உள்ளே வருவார்கள். அந்தப் பாதியைக் கலைப்பதில்தான் வகுப்பே ஆரம்பம்.

நியூஜெர்சியில் பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். இங்கே திருச்சியில் காலை ஐந்தரை, அங்கே முந்தைய நாள் இரவு எட்டு. ‘காந்தி மரியாதையான தொனியின் மூலம் ஈத்தோஸை உருவாக்குகிறார்’ என்று தொடங்கியிருந்தாள்.

“யார்கிட்ட உருவாக்குறார்?”

“வைஸ்ராய்கிட்ட, ஆன்ட்டி.”

“வைஸ்ராய்க்கு இவர் யாருன்னு தெரியாதாம்மா?”

நன்றாகவே தெரியும். 1922இல் ஆறாண்டுத் தண்டனை கொடுத்து உள்ளே போட்ட அரசு அது. இந்தக் கடிதத்துக்கு இரண்டு மாதம் முன்னால், 1929 டிசம்பரில் இருவரும் டெல்லியில் நேரில் சந்தித்துமிருக்கிறார்கள். அந்த மாதக் கடைசியில் லாகூரில் காங்கிரஸ் முழு விடுதலை கேட்டுத் தீர்மானம் போட்டாகிவிட்டது. புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய ஆள் இல்லை. அப்படியானால் இந்தப் பணிவு யாருக்கு?

அவளிடம் பதில் இல்லை. கடைசிப் பத்திக்கு முந்தையதை நிதானமாகப் படி என்றேன். அதில் காந்தி சொல்வது இது: கடிதத்தில் சாரம் இருப்பதாக நினைத்து நீங்கள் என்னோடு பேச விரும்பினால், அதற்காக இதை வெளியிடுவதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று கருதினால், ஒரு தந்தி கொடுங்கள், மகிழ்ச்சியோடு நிறுத்திவைக்கிறேன். மறுபடி படித்தாள். திரையில் நெற்றி சுருங்கியது.

“அப்போ, தந்தி வரலன்னா பப்ளிஷ் பண்ணிடுவாரா?”

அதுதான் சங்கதி. உறையின் மேல் ஒரு பெயர். உள்ளே இருப்பதைப் படிக்கப்போவது ஊர். சென்னையில் பேப்பர் படிக்கிற குமாஸ்தா படிப்பான், லண்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் படிப்பார், அமெரிக்கப் பத்திரிகைக்காரர் படிப்பார். ஒவ்வொரு பணிவான சொல்லும் அவர்கள் கண்ணில் படத்தான் போகிறது. இவ்வளவு தன்மையாகப் பேசியவரைக் கைது செய்தால், கைது செய்தவன் முகம் எப்படித் தெரியும்? சட்டத்தை எந்தத் தேதியில் மீறப்போகிறேன் என்று காந்தியே சொல்கிறார்: அந்த மாதம் 11ஆம் தேதி. என்னைக் கைது செய்து இதைத் தடுக்கலாம், அது உங்கள் கையில் இருக்கிறது என்றும் அவரே எடுத்துக்கொடுக்கிறார். தனக்குப் பின்னால் பல்லாயிரம் பேர் ஒழுங்காக இந்த வேலையை எடுத்துச் செய்வார்கள் என்று நம்புவதாகச் சொல்லி அடுத்த வாக்கியத்தில் அந்தக் கதவையும் சாத்திவிடுகிறார்.

அவளுக்குச் சூடு பிடித்துவிட்டது. “இது மிரட்டல் இல்லன்னு சொல்றாரே ஆன்ட்டி. மிரட்டலா இருக்கறதாலதானே அப்படிச் சொல்லணும்?”

இந்த மாதிரிக் கேள்வி வந்தால் நான் பதில் சொல்வதில்லை. ஒரு பக்கத்தை எடு, கடிதத்திலிருந்து காட்டு என்பேன். அவள் எழுதியது சுருக்கமாக இது: மிரட்டுகிறவன் நாளையும் வழியையும் மறைத்து எதிராளியைத் தவிக்க விடுவான், காந்தி தேதி, காரியம், தன்னைத் தடுக்கும் வழி மூன்றையும் மேசையில் வைக்கிறார், ஆகவே ‘மிரட்டல் அல்ல’ என்பதைக் கடிதத்தின் மற்ற வரிகள் மெய்ப்பிக்கின்றன, ஆனால் அதே வெளிப்படைத்தன்மை இர்வினுக்கு நழுவ இடம் தராமல் ஒரு மிரட்டலைவிட அதிகமாக நெருக்குகிறது. உத்தியின் பெயர் ஒன்றுகூட இல்லை. அப்பாக்கள் தேடும் அந்த ஆறாவது மதிப்பெண் இந்த ‘ஆனால்’ பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது.

கடிதத்தைக் கொண்டுபோனவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அவரை ஏன் அனுப்புகிறேன் என்பதையும் காந்தி கடிதத்திலேயே எழுதிவிடுகிறார். நம் சண்டை ஆங்கிலேயரோடு அல்ல என்று ஒரு பத்தி எழுதுவதற்குப் பதிலாக ஓர் ஆங்கிலேயரையே தபால்காரராக்கிவிட்டார்! அந்தப் பெண் இதை ‘டோன்’ என்ற தலைப்பில் போட்டிருந்தாள். தலைப்பை எடுத்துவிடு, நடந்ததை எழுது என்றேன்.

தேர்வுத்தாளில் இல்லாத முன்பகுதியையும் நான் படிக்க வைப்பதுண்டு, ஒரு கணக்குக்காக. வைஸ்ராயின் சம்பளம் நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல், இந்தியரின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டு அணாவுக்கும் கீழ் என்கிறார் காந்தி. அணா என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. ரூபாய்க்குப் பதினாறு என்றதும் போட்டுப் பார்த்தாள்: 5,600 மடங்கு. “வாவ்” என்றாள். இருவரும் அங்கேயே நின்றிருக்கலாம், காந்தி நிற்கவில்லை. பிரிட்டிஷ் பிரதமருக்கு நாளொன்றுக்கு 180 ரூபாய், அந்நாட்டுக்காரரின் சராசரி ஏறக்குறைய இரண்டு ரூபாய், ஆக 90 மடங்கு என்று பக்கத்திலேயே வைக்கிறார். ஏழை நாட்டுக்காரன் பொறாமையில் பேசுகிறான் என்று இனி யாரும் சொல்ல முடியாது, அளவுகோல் அவர்களுடையது. உங்களுக்கு இந்தச் சம்பளம் தேவையில்லை, ஒருவேளை முழுவதையும் தர்மத்துக்கே கொடுக்கிறீர்களோ என்னவோ என்றும் ஒரு வார்த்தை சேர்க்கிறார். ஆளை விட்டுவிட்டு அமைப்பைப் பிடிக்கிற இடம் அது. லோகோஸ் என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தால் இதெல்லாம் கண்ணில் பட்டிருக்குமா?

இர்வின் அனுப்பிய பதில் மிகச் சிறியது, அதுவும் அந்தரங்கச் செயலர் வழியாக. சட்டமீறலுக்கும் பொது அமைதிக்குக் கேடு வருவதற்கும் இடமளிக்கிற வழியைக் காந்தி எண்ணுவதற்கு வருத்தம் தெரிவித்ததோடு சரி. அதற்கும் ஒரு பத்தி ஆய்வு எழுதி வா என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். கையெழுத்து யாருடையது என்பதிலிருந்தே தொடங்கியிருந்தாள். மார்ச் 12ஆம் தேதி சபர்மதியிலிருந்து நடை கிளம்பிவிட்டது. அடுத்த மாதம் 13ஆம் தேதி ராஜாஜி இந்தத் திருச்சியிலிருந்துதான் வேதாரண்யத்துக்கு நடந்தார் என்று சொன்னேன். அவள் கூகுள் மேப்பில் தூரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி வாதக் கட்டுரை. ஆய்வில் ‘யாருக்கு’ என்று கேட்கப் பழகிய பிள்ளைகள்கூடத் தாங்கள் எழுதும்போது அதை மறந்துவிடுகிறார்கள். 2016 தேர்வில், கீழ்ப்படியாமைதான் முன்னேற்றத்தைக் கொண்டுவருகிறது என்கிற ஆஸ்கர் வைல்டின் கருத்தைக் கொடுத்து வாதாடச் சொன்னார்கள். ரோசா பார்க்ஸ், மார்ட்டின் லூதர் கிங், காந்தி என்று வரிசையாக வந்து நிற்பார்கள். ஏற்கெனவே ஒப்புக்கொண்டவனை மறுபடி ஒப்புக்கொள்ள வைக்கும் கட்டுரை. கீழ்ப்படியாமல் ஊரைக் கெடுத்த ஒருத்தரையும் கொண்டுவா, அவருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல் என்பேன். அங்கே பேனா நிற்கும். நிற்க வேண்டும்.

டெக்ஸாஸ் பையன் ஒருவன் பள்ளி காலையில் தாமதமாகத் தொடங்க வேண்டும் என்று எழுத வந்தான். (ஐந்தரை மணி வகுப்பு எடுப்பவளிடம்!) ‘தூக்கம் மிக முக்கியம், ஆய்வுகள் இதைக் காட்டுகின்றன’ என்று தொடக்கம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014இல் எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2022 முதல் கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு அது சட்டமாகவே இருக்கிறது. எல்லாம் சரியான தகவல். ஒரு ஆள்கூட மனம் மாற மாட்டார்.

“யாருப்பா முடிவு பண்றது?”

“ஸ்கூல் போர்டு.”

“பசங்களுக்குத் தூக்கம் வேணும்னு அவங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். அவர்கள் பயப்படுவது பேருந்துக்கு. பல ஊர்களில் ஒரே பேருந்து முதலில் பெரிய பிள்ளைகளை இறக்கிவிட்டு, திரும்பப் போய் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி, கடைசியில் குட்டிகளைக் கொண்டுவருகிறது. ஒரு மணியை நகர்த்தினால் எல்லா மணியும் நகரும். இல்லையென்றால் கூடுதல் பேருந்தும் ஓட்டுநரும் வேண்டும். மாலை விளையாட்டுப் பயிற்சி இருட்டுக்குள் போகும். ஃப்ளோரிடா 2023இல் இதற்குச் சட்டம் போட்டுவிட்டு, மாவட்டங்கள் செலவையும் பேருந்தையும் காட்டி முறையிட்டதில் 2025இல் கட்டாயத்தை எடுத்துவிட்டது. தூக்கத்தைப் பற்றிய ஆய்வு அந்த இரண்டு வருடத்தில் மாறவில்லையே.

பையனை அந்தப் பேருந்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். அவன் அப்பா அன்று பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “எதிர்க்கட்சிப் பாயின்ட்டை நாமே எடுத்துக் கொடுத்தா மார்க் குறையாதா மேடம்?” கேட்கத்தான் செய்வார். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு எதிரணிக்கு ஓர் அங்குலம் கொடுத்தாலும் கைதட்டல் போய்விடும் என்ற எண்ணம். நடுவர் மட்டும்தான் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் சொல்லிவிட்டுச் சாயலாம். கட்டுரை எழுதுகிறவன் நடுவர் வேலையையும் தானே பார்க்க வேண்டும் சார் என்றேன். முழுக்க ஒத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

மறுவாரம் பையன் வந்தான். முதல் பத்தியிலேயே பேருந்துச் செலவு உண்மையான பிரச்சினை என்று ஒப்புக்கொண்டிருந்தான். பிறகு வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன என்று கேட்டிருந்தான்: சின்னப் பிள்ளைகள் தாமாகவே சீக்கிரம் எழுகிறவர்கள், அவர்களை முதலில் கொண்டுவந்தால் அதே பேருந்துகள் போதும். அப்படிச் செய்தால் ஐந்து வயதுப் பிள்ளை இருட்டில் நிறுத்தத்தில் நிற்க வேண்டிவரும் என்பதையும் மறைக்காமல் எழுதி, குளிர்கால மாதங்களுக்கு ஒரு மாற்று யோசித்திருந்தான். மருத்துவர்கள் அமைப்பின் பரிந்துரை மூன்றாம் பத்திக்கு இறங்கியிருந்தது. “போர்டுக்கு அது தெரியும்ல மிஸ்” என்றான்.

அங்கே பள்ளி வாரியக் கூட்டங்களில் பொதுமக்கள் எழுந்து பேச நேரம் ஒதுக்குவது வழக்கம். பல ஊர்களில் ஆளுக்கு மூன்று நிமிடம். இவனுக்குப் போய்ப் பேச ஆசை. போனில் டைமரைப் போட்டுக்கொண்டு வாசித்தான், நாலு நிமிடத்தை நெருங்கியது. எதை வெட்டலாம் என்று கேட்டேன். விளையாட்டுப் பயிற்சியைப் பற்றிய பத்தியை எடுக்கப் பார்த்தான். அது வேண்டாம், கோச் கூட்டத்துக்கு வருவாரா என்று கேட்டேன். “வருவார். என் கோச்சே வருவார்.” அப்படியென்றால் அது இருக்கட்டும், குளிர்கால மாற்றைச் சுருக்கு என்றேன். அதில் முப்பது விநாடி கிடைத்தது. மிச்சத்துக்கு இன்னும் இழுபறி நடக்கிறது.

அடுத்த வாரம்: ஆறு ஆவணங்களைக் கையில் கொடுத்து எழுதச் சொல்லும் கட்டுரை.

(தொடரும்)