சோழமண்டலம்: துணி வித்து வாங்கின கடற்கரை கிராமம்

அன்னூர்ல இருந்து பேசறேன். "ஐடி வேலையை விட்டுட்டு வரையறதை மட்டும் பண்ணலாமா?"னு நிறையப் பேர் கேக்கறீங்க. இந்தக் கேள்விக்கு 1966-லயே சென்னைக் கடற்கரையில ஒரு கூட்டம் பதில் கண்டுபிடிச்சிருச்சுங்க.

அதுக்கு முன்னாடி பாரிஸுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். 1874-ல மோனே, பிஸாரோ, டெகா எல்லாம் சேர்ந்து, 'சலோன்'ங்கற பெரிய கண்காட்சியோட தயவு வேண்டாம்னு, கூட்டுறவா ஒரு கம்பெனி ஆரம்பிச்சு தங்கள் ஓவியங்களைத் தாங்களே காட்சிக்கு வெச்சாங்க. மோனே வரைஞ்ச துறைமுகச் சூரிய உதயத்தோட தலைப்பை வெச்சு ஒரு விமர்சகர் கிண்டலடிக்க, 'இம்ப்ரெஷனிஸ்ட்'ங்கற பேர் ஒட்டிக்கிச்சு. பேர் நின்னுச்சு, கம்பெனி நிக்கலை. அந்த வருஷமே கடனோட மூடிட்டாங்க. படம் மாட்ட சொந்தமா சுவர் கிடைச்சாப் போதுமா? சோத்துக்கும் வழி வேணுமில்லைங்களா?

இந்த இடத்துலதான் கே.சி.எஸ். பணிக்கர் வர்றார். 1911-ல நம்ம கோயமுத்தூர்ல பிறந்தவர். குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில வேலை பார்த்துட்டு, அப்புறம்தான் சென்னை ஓவியப் பள்ளியில சேர்ந்தார். 1957-ல அங்கேயே முதல்வர் ஆனார். படிச்சு முடிச்ச பசங்க பலர் பிழைப்புக்காக வேற வேலைக்குப் போய், வரையறதையே விட்டுடறாங்கன்னு அவர் நேர்ல பார்த்தார்.

அவங்க பிடிச்ச வழி பாத்திக். துணியில சாயம் ஏறக் கூடாத இடத்துல சூடான மெழுகைத் தடவி, சாயத்துல முக்கி, அப்புறம் மெழுகை எடுத்துடுவாங்க. மெழுகு இருந்த இடம் மட்டும் பழைய நிறத்துலயே நிக்கும். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நம்ம ஆளுகளுக்கு இது சட்டுனு புரியும். இப்படிக் கைவினைப் பொருள் வித்த காசுலதான் ஈஞ்சம்பாக்கத்துல சுமார் 10 ஏக்கர் வாங்கினாங்க. அதுதான் சோழமண்டலம் கலைஞர் கிராமம். நம்ம பாஷையில சொன்னா, இன்வெஸ்டர் இல்லாத பூட்ஸ்ட்ராப் கம்பெனி.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அவங்க ரெண்டையும் பிரிச்சு வெச்சதுதான். வாங்கறவங்க ரசனையைப் பாத்திக் பார்த்துக்கும். கேன்வாஸ் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பணிக்கர், 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில எழுத்தையும் கணக்குக் குறிகளையும் ஜாதகக் கட்டம் மாதிரி நிரப்பினார். பக்கத்துலயே கடல் இருந்தும், அதை வரைஞ்சு விக்கணும்ங்கற கட்டாயம் யாருக்கும் இல்லை.

அதனால, "வேலையை விடலாமா?"ங்கறதை விட, "என்னோட பாத்திக் எது?"னு கேட்டுப் பாருங்க. அது சம்பளமா இருக்கலாம், சின்ன வியாபாரமா இருக்கலாம். ஆனா அது உங்க நேரம் முழுசையும் தின்னுடக் கூடாது. அடுத்த தடவை ஈ.சி.ஆர். போனா, நேரா மகாபலிபுரம் ஓட்டாம, சோழமண்டலத்துல இருக்கற மியூசியத்துல ஒரு மணி நேரம் நில்லுங்க. பார்த்துட்டு எழுதுங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.