ஒரு சொல்லும் ஓர் எழுத்தும்
(நிசேயா சங்கத்தின் வரலாறு)

கடவுள் ஒருவரே, அவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூவராய் விளங்குகிறார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைக் கோட்பாடு. இதனைத் 'திரித்துவம்' என்பர். இம்மூன்று பெயர்களும் விவிலியத்தில் உள்ளன; திரித்துவம் என்ற சொல்லோ அதில் இல்லை. அச்சொல்லும் அதனைச் சூழ்ந்த பிற சொற்களும் நெடிய வாதங்களுக்கிடையே பிறந்தவை.

கி.பி. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் ஆரியஸ் என்னும் குரு ஒருவர் இருந்தார். தந்தை மகனைப் பெற்றார் எனின், மகன் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆகவே சுதன் படைப்புகளுள் தலைசிறந்தவரேயன்றிப் பிதாவுக்கு நிகரானவர் அல்லர் என அவர் போதித்தார். கடவுள் ஒருவரே என்னும் கொள்கையைக் காப்பதே அவர் நோக்கம். அந்நகரின் ஆயர் அலெக்சாந்தர் இதனை மறுத்தார். அவருக்குத் துணைநின்றவர் அத்தனாசியுஸ் என்னும் இளைஞர். படைக்கப்பட்ட ஒருவர் மனிதரைப் பாவத்தினின்று மீட்டுக் கடவுளோடு சேர்க்க வல்லரோ? சுதன் ஒரு படைப்பாயின், அவரை வணங்குவது படைப்பை வணங்குவதன்றோ? இவையே அவர்கள் எழுப்பிய வினாக்கள்.

பூசல் கீழைநாடெங்கும் பரவியது. 324-இல் உரோமப் பேரரசு முழுவதையும் தம் ஆட்சியின்கீழ்க் கொணர்ந்த கான்ஸ்தந்தீன், மறு ஆண்டே ஆயர்களை நிசேயாவுக்கு அழைத்தார். இன்று துருக்கி நாட்டில் இஸ்னிக் எனப்படும் ஊர் அதுவே. வந்தோர் 318 பேர் என்பது மரபு. 250 முதல் 300 வரை இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. 303-இல் தொடங்கிய கொடிய துன்புறுத்தலின் தழும்புகளைத் தாங்கி வந்தோரும் அவர்களுள் இருந்தனர்.

விவிலியச் சொற்களைக் கொண்டே தீர்ப்பெழுத முதலில் முயன்றனர். எச்சொல்லைக் கூறினும் ஆரியஸின் சார்பினர் அதற்குத் தமக்கேற்பப் பொருள் கொண்டனர். எனவே சங்கம் விவிலியத்தில் இல்லாத 'ஹோமோஊசியோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லை விசுவாசப் பிரமாணத்தில் வைத்தது. 'ஹோமோ' என்பது ஒரே என்றும், 'ஊசியா' என்பது உள்பொருள் என்றும் பொருள்படும். சுதன் பிதாவோடு ஒரே பொருளானவர் என்பதே அதன் கருத்து. ஆயர் இருவர் மட்டும் இறுதிவரை ஒப்பவில்லை. அவர்களும் ஆரியஸும் நாடுகடத்தப்பட்டனர்.

ஆயினும் அரசாணையால் வாதம் அடங்கவில்லை. கான்ஸ்தந்தீனே பின்னர் ஆரியஸைத் திரும்ப அழைத்தார். 328-இல் ஆயரான அத்தனாசியுஸை 335-இல் நாடுகடத்தினார். அத்தனாசியுஸ் தம் வாழ்நாளில் ஐந்து முறையாக ஏறத்தாழ 17 ஆண்டுகள் தம் நகரைப் பிரிந்து வாழ நேர்ந்தது.

இதற்கிடையே நடுநிலையாளர் சிலர் 'ஹோமொஇஊசியோஸ்', அதாவது 'ஒத்த பொருளானவர்' என்னும் சொல்லை முன்வைத்தனர். இரு சொற்களுக்கும் கிரேக்கத்தில் 'ஐயோட்டா' என்ற ஓரெழுத்தே வேறுபாடு. ஓரெழுத்துக்காகவா இத்தனை பூசல் என நகைத்தோர் உண்டு. தமிழில் 'அறம்', 'அரம்' என்பவற்றிலும் ஓரெழுத்தே வேறு. ஒன்று தருமம், மற்றொன்று இரும்பை அராவும் கருவி. எழுத்து சிறிதெனினும் பொருள் சிறிதன்று.

எனினும் அத்தனாசியுஸ் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 362-இல் அலெக்சாந்திரியாவில் அவர் ஒரு சங்கம் கூட்டினார். 'ஹிப்போஸ்தாசிஸ்' என்னும் சொல்லைச் சிலர் உள்பொருள் என்ற கருத்திலும், வேறு சிலர் ஆள் என்ற கருத்திலும் வழங்கியதே குழப்பத்திற்கு ஒரு காரணம் எனத் தெளிந்தது. முன்னவர் 'ஒன்று' என்றனர். பின்னவர் 'மூன்று' என்றனர். இரு சாராரையும் வினவியபோது, இருவர் நம்பிக்கையும் ஒன்றே எனப் புலனாயிற்று. பின்னர், பசிலியார் முதலிய கப்பதோக்கிய நாட்டு ஆசிரியர்கள் 'ஊசியா ஒன்று, ஹிப்போஸ்தாசிஸ் மூன்று' என வரையறுத்தனர். 381-இல் கான்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் நிசேயாவின் நம்பிக்கையை உறுதிசெய்தது.

நிசேயா சங்கம் கூடி 2025-ஆம் ஆண்டோடு 1700 ஆண்டுகள் நிறைந்தன. அதன் வழிவந்த பிரமாணத்தைக் கத்தோலிக்கரும், கீழைத் திருச்சபையினரும், சீர்திருத்தச் சபையினர் பலரும் இன்றும் ஓதுகின்றனர். பகைவர் எனக் கருதியோரிடம் 'இச்சொல்லால் நீவிர் கருதுவது யாது?' என்று 362-இல் பொறுமையோடு கேட்டவர்களுக்கும் அந்நிலைபேற்றில் பங்குண்டு.