பட்டதாரிகளின் வருவாயும் கல்விக்கடனும்: இரு எண்களை ஒப்பிடுவதில் உள்ள சிக்கல்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சிக் கல்வித்துறை நடத்தும் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ இணையதளம், 2015 செப்டம்பரில் மாணவர்தம் பிற்கால வருவாய்த் தரவுகளையும் சேர்த்து விரிவாக்கப்பட்டது. பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் போன்ற அரசு ஆய்வுப் பல்கலைக்கழகங்களை மதிப்பிடப் பலரும் இத்தளத்தையே நாடுகின்றனர். இதில் காணப்படும் வருவாய், கடன் ஆகிய இரு எண்களும் ஒரே மாணவர் தொகுதியைக் குறிப்பன அல்ல என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வருவாய்

நிறுவன அளவில் தரப்படும் வருவாய் என்பது, கல்லூரியில் சேர்ந்து பத்து ஆண்டுகள் கழித்து ஈட்டப்படும் தொகையின் இடைநிலை அளவாகும். கூட்டாட்சி நிதியுதவி பெற்றவர்கள் மட்டுமே இதில் அடங்குவர். உதவி பெறாமல் பயின்றோர் இடம்பெறுவதில்லை, இடைநின்றோர் இடம்பெறுகின்றனர். அவ்வாண்டில் உயர்கல்வி பயின்றுகொண்டிருப்போர் விலக்கப்படுகின்றனர். எனவே ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் பயின்று, முனைவர் பட்ட ஆய்வில் தொடர்வோர் இக்கணக்கில் வருவதில்லை. மருத்துவம் முடித்துப் பயிற்சி மருத்துவராகப் பணிபுரிவோரோ, தம் வாழ்நாள் வருவாயின் தொடக்க நிலையிலேயே அளக்கப்படுகின்றனர்.

கடன்

கடனுக்குரிய எண், கூட்டாட்சிக் கடன் பெற்றுப் பட்டம் முடித்தோரை மட்டும் குறிக்கிறது. நூறு பட்டதாரிகளுள் முப்பதின்மரே கடன் பெற்றிருப்பதாகக் கொள்வோம். வெளியிடப்படும் இடைநிலை அளவு அம்முப்பதின்மருக்கே உரியது. கடனின்றி முடித்த எழுபதின்மர் அதில் இல்லை.

இவ்வெண்ணுக்குச் சட்டவழி உச்சவரம்பும் உண்டு. பெற்றோரைச் சார்ந்த இளநிலை மாணவர் பொதுவாக முதலாண்டில் 5,500, இரண்டாமாண்டில் 6,500, அதன்பின் ஆண்டுதோறும் 7,500 டாலர் வரையே கூட்டாட்சிக் கடன் பெற இயலும். நான்கு ஆண்டுகளில் இது 27,000 டாலரைத் தாண்டாது. கூடுதல் செலவைப் பெற்றோர் தம் பெயரில் பெறும் ‘பேரன்ட் பிளஸ்’ கடனோ, தனியார் வங்கிக் கடனோ ஈடுசெய்யக்கூடும். இவ்விரண்டும் மேற்கூறிய எண்ணில் சேர்வதில்லை. ஆகவே, அவ்வெண் குறைவாக இருப்பதைக் கொண்டு குடும்பத்தின் சுமையும் குறைவு எனக் கருதலாகாது.

முடிவுரை

கடனை வருவாயால் வகுத்து ஒரு பல்கலைக்கழகத்தின் பயனை மதிப்பிடுவது எளிய முறையாகத் தோன்றலாம். எனினும் அவ்விகிதத்தின் மேலும் கீழும் நிற்போர் வெவ்வேறு மாணவர்கள். அதிலும் துறை வேறுபாடு மறைந்துவிடுகிறது. கணினி அறிவியலும் நுண்கலையும் ஒரே எண்ணுள் அடங்கிவிடுகின்றன. 2019 முதல் பாடத்துறைவாரியான வருவாய்த் தரவுகளும் அத்தளத்தில் கிடைக்கின்றன. சேர்க்கையை முடிவு செய்யும் குடும்பம் முதலில் காணவேண்டியது அத்தரவுகளையே. கடனைப் பொறுத்தவரை, வெளியிடப்பட்ட சராசரிகளைவிட, உதவித்தொகை நீங்கலாகத் தாம் செலுத்தவேண்டிய தொகையும், அதில் பெற்றோர் பெயரில் ஏறும் பங்குமே முடிவுக்கு உரிய அடிப்படையாகும்.