புள்ளிமான் எத்தனை மில்லிமீட்டர்?

கேமரா வாங்கப் போனால் எல்லாரும் மெகாபிக்சல் எத்தனைன்னுதான் கேட்கிறாங்க. காட்டு விலங்கைப் படம் பிடிக்கணும்னா முதலில் கேட்க வேண்டியது லென்ஸ் எத்தனை மி.மீ. என்பதுதான். கல்யாண வீட்டு போட்டோகிராபர் ரெண்டு எட்டு முன்னால் போய் எடுத்துக்கலாம். முதுமலையில் சஃபாரி போகும் வனத்துறை வண்டியில் அது நடக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்தது உட்கார்ந்தபடிதான், கீழே இறங்கக் கூடாது. விலங்கு எங்கே நிற்குதோ அதுதான் தூரம்.

லென்ஸ் மேலே 50, 300 என்று போட்டிருப்பது அதன் குவியத்தொலைவு. அறிவியல் பாடத்தில் வருமே, அதேதான். விலங்கின் உயரத்தைக் குவியத்தொலைவால் பெருக்கி, அது நிற்கும் தூரத்தால் வகுத்தால், கேமராவுக்குள் விழும் பிம்பத்தின் உயரம் கிடைச்சிடும். எல்லாம் வடிவொத்த முக்கோணம்தான். (கணக்கு சார் கவனிக்கவும்!)

ஒரு புள்ளிமான், 40 மீட்டர் தள்ளி நிற்குது. உயரம் கணக்குக்கு 1 மீட்டர்னு வச்சுக்குவோம். 50 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 1.25 மி.மீ. சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் சென்சார் சுமார் 16 மி.மீ. உயரம். அதில் ஒண்ணேகால் மில்லிமீட்டர் மான்! வீட்டில் படத்தைக் காட்டி, "இதோ இங்கேதான் மான் இருக்கு" என்று விரல் வச்சுச் சொல்லணும். அதே மான் 300 மி.மீ. லென்ஸில் 7.5 மி.மீ., கிட்டத்தட்ட பாதிப் படம்.

அப்படின்னா 600 மி.மீ. வாங்கிட்டா தீர்ந்ததா? இல்லை. அடுத்த வளைவிலேயே 20 மீட்டரில் இரண்டரை மீட்டர் உயர யானை நிற்கலாம். 300-லேயே அதன் பிம்பம் 37 மி.மீ.க்கு மேலே போயிடும். படத்தில் ஒரு கண்ணும் கொஞ்சம் காதும்தான் மிஞ்சும். 70 மி.மீ.க்கு இறங்கினால்தான் முழு யானையும் அடங்கும். அதனால் சஃபாரிக்கு ஜூம்தான் சரி. முதல் முறை போகிறவருக்கு 70-300 போதும் என்பது என் கருத்து. பறவைதான் வேணும்னா 400-க்கு மேலே போகணும்.

அடுத்த தொல்லை வெளிச்சம். சஃபாரி பெரும்பாலும் காலையிலும் சாயங்காலமும்தான், அதுவும் மர நிழலில். லென்ஸில் எஃப் 2.8, எஃப் 5.6 என்று இன்னொரு எண் இருக்கும். எண் சின்னதா இருந்தா வாய் பெருசு. 2.8 வழியா 5.6-ஐப் போல 4 மடங்கு வெளிச்சம் நுழையும். ஆனா 300 மி.மீ. லென்ஸில் 2.8 வேணும்னா வாய் 300-ஐ 2.8-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 107 மி.மீ. அகலம் வேணும். அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு விலை பல லட்சம். எங்க சித்தப்பா ஸ்டுடியோவில் கல்யாணத்துக்கு வச்சிருக்கும் 70-200, எஃப் 2.8 லென்ஸே ஒன்றரைக் கிலோ. அஞ்சு நிமிஷம் பிடிச்சதுக்கே கை வலிச்சது.

எஃப் 5.6-ஐ வச்சு சமாளிக்க வழி இருக்கு. லென்ஸ் நீள நீளக் கை நடுக்கமும் பெருசாத் தெரியும். 300-க்கு ஷட்டர் 500-இல் ஒரு பங்கு வினாடியாவது இருந்தா நல்லது. அதுக்கு வெளிச்சம் பத்தலைன்னா ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்க. படத்தில் புள்ளி விழும், பரவாயில்லை. புள்ளி விழுந்த மானைப் பார்க்கலாம், ஆடிப்போன மானை என்ன செய்வது? நடுக்கத்தைக் குறைக்கும் வசதி லென்ஸிலேயே இருந்தாலும் அது நம்ம கைக்குத்தான் உதவும். ஓடுகிற மானை அது நிறுத்தாது. டிரைவர் என்ஜினை அணைச்சதும், பச்சைப்பயறு நிரப்பிய துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வச்சு அதன் மேல் லென்ஸைச் சாய்ச்சுக்கலாம். என்ஜின் ஓடும்போது வேண்டாம், ஜன்னலும் சேர்ந்து நடுங்கும்.

எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912-1996) முதுமலையில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். அவர் கேமராவின் உடம்பு ஒரு கம்பெனி, லென்ஸ் வேறொரு கம்பெனி, மீதியெல்லாம் அவரே சேர்த்தது. அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேர் வேற!

செல்போன் போதாதான்னு சிலர் கேட்டாங்க. அதன் முக்கிய லென்ஸ் அகலமாகக் காட்டுவதற்காகச் செய்தது. 20 மீட்டரில் நிற்கும் அந்த யானை அதில் படத்தின் உயரத்தில் சுமார் ஏழில் ஒரு பங்குதான் வரும். அதனால்தான் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி இறங்கி, செல்போனை நீட்டிக்கிட்டே யானை பக்கம் நடக்கிறாங்க. யானை துரத்தினால் மனுஷனால் ஓடி ஜெயிக்க முடியாது. குட்டி கூட இருந்தா கேட்கவே வேண்டாம். நீள லென்ஸ் இல்லைன்னா யானையைச் சின்னதாகவே எடுங்க. சுற்றி மூங்கிலும் புல்லும் தெரியட்டும், அதுவும் நல்ல படம்தான்.

கிளம்பும் முன்னே ஃபிளாஷை அணைச்சிடுங்க. ஆட்டோவில் விட்டா நிழலைப் பார்த்ததும் தானா அடிச்சிடும். வண்டி ஓடும்போது லென்ஸைக் கழற்றி மாத்தாதீங்க. மண்சாலைப் புழுதி நேரே சென்சாரில்தான் போய் உட்காரும்.